தம்பியின் குணம் என்று நாங்கள் சொன்னவை

எங்கள் வீட்டில் என் தம்பிக்குப் பல பெயர்கள் இருந்தன. பேசாமல் இருந்தால் அழுத்தக்காரன். படுக்கையை விட்டு எழாவிட்டால் சோம்பேறி. யாராவது தாழ்ந்த குரலில் பேசும்போது திரும்பிப் பார்த்தால் சந்தேகப் பிராணி. அப்பா இறந்த அன்று கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட வராமல் சுவரோரம் நின்றான், அன்றைக்குக் கல்நெஞ்சுக்காரன். கடைசிப் பெயரை வைத்தவர் ஓர் உறவினர். மற்றவற்றில் பாதி நான் வைத்தவை.

அவனுக்கு மனச்சிதைவு நோய், ஸ்கிசோஃப்ரினியா. 19 வயதில் வெளிப்பட்டது, இப்போது 33. காதில் கேட்ட குரல்கள், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம், மருத்துவமனையில் கழிந்த இரவுகள் எல்லாம் கொடுமையாகத்தான் இருந்தன. ஆனால் அவை நோய் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் அவன் மேல் கோபம் வரவில்லை. நோய் என்றே தெரியாமல் "இவன் குணமே இப்படித்தான்" என்று நாங்கள் ஒதுக்கிய விஷயங்கள்தான் எங்களை அவனிடமிருந்து பிரித்தன. பிறகு நோயைப் பற்றி நிறையப் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது நேர் எதிரான தவறு தொடங்கியது: அவன் சொல்வது, மறுப்பது, கோபப்படுவது எல்லாமே எனக்கு நோயாகத் தெரிந்தன. முதல் தவறைவிட இரண்டாவது அவனை அதிகமாகக் காயப்படுத்தியது என்று இப்போது சொல்கிறான்.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. "அப்போ அவனுக்குள்ள இன்னொருத்தன் இருக்கானா?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லை 1908ல் உருவாக்கியவர் ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளூலர். கிரேக்க மொழியில் பிளவு, மனம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தார். நினைப்பு, உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றோடொன்று இசையாமல் பிரிந்து போவதைத்தான் அவர் பிளவு என்றார். ஒரே உடலில் இரண்டு ஆட்கள் இருப்பதாக அதற்குப் பொருள் இல்லை. அது வேறொரு நோய். ஜப்பானில் இந்தக் குழப்பத்தாலும் பெயர் சுமந்த இழிவாலும் 2002ல் நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். சிதைவு என்ற நம் சொல்லும் லேசானதல்ல. முதல்முறை மருத்துவர் அதைச் சொன்னபோது, அம்மா அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் கேட்கவில்லை.

அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். போனிலிருந்து அவருடைய எண்ணை நீக்கலாம் என்று எடுத்தேன். விரல் தவறி அழைப்பு போய்விட்டது. தம்பியின் அறையில் மணி அடித்தது. போய்ப் பார்த்தால், அப்பாவின் போன் அவன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான்.

"எதுக்குடா இது?"

"ஆஃப் ஆயிடக் கூடாது."

முகத்தில் ஒன்றுமில்லை. குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் கல்நெஞ்சு என்றார்கள், நானும் மறுக்காமல் நின்றேன்.

இதைப் பற்றி 1990களில் அமெரிக்க உளவியலாளர் ஆன் கிரிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உணர்ச்சியைத் தூண்டும் படத் துண்டுகளைக் காட்டினார்கள். நோய் உள்ளவர்களின் முகம் குறைவாகவே அசைந்தது. ஆனால் உள்ளே என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது, மற்றவர்கள் அளவுக்கே உணர்ந்ததாகச் சொன்னார்கள். உடலுக்குள் எழுந்த எதிர்வினையும் குறைந்திருக்கவில்லை. முகத்துக்கும் மனதுக்கும் இடையே இருக்கும் பாதைதான் அடைபட்டிருக்கிறது. இது தெரிய எனக்கு எட்டு வருடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டு, வாயைத் திறந்து கேட்கத் தொடங்கினேன். "எப்படி இருக்கே?" என்றால் "நல்லாருக்கேன்" என்பதற்கு மேல் எதுவும் வராது. "பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் வச்சுக்கிட்டா இன்னிக்குக் கவலை எவ்வளவு?" என்று கேட்டால் "ஆறரை" என்று வரும். அவனுக்கு அரை முக்கியம். கேட்டபின் காத்திருக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். கேள்வி உள்ளே போய்ப் பதில் திரண்டு வர அவனுக்கு நேரம் எடுக்கும். பதில் வரவில்லையே என்று நான் அடுத்த கேள்வியைப் போட்டால் முதல் கேள்விக்கான பதில் உடைந்துவிடும். மனதுக்குள் பதினைந்து வரை எண்ணுவேன். பெரும்பாலும் பன்னிரண்டில் பேசிவிடுவான்.

சோம்பேறி என்ற பெயர்தான் வீட்டில் அதிகச் சண்டையைக் கொண்டுவந்தது. மதியம் இரண்டு மணிக்கு எழுவான். வாரக்கணக்கில் குளிக்க மாட்டான். ஒரு முறை நான் கத்தி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னான்: "எழுந்திருக்கணும்னு நினைக்கிறேன் அக்கா. நினைப்புக்கும் காலுக்கும் நடுவுல கம்பி அறுந்துபோன மாதிரி இருக்கு." சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் சொன்னது மருத்துவ நூல்களில் இருக்கும் அறிகுறியின் அச்சு அசலான விவரிப்பு. செயலைத் தொடங்கும் உந்துதல் குறைவது, பேச்சு சுருங்குவது, மனிதர்களிடமிருந்து விலகுவது, முகபாவம் மங்குவது ஆகியவற்றை எதிர்மறை அறிகுறிகள் என்கிறார்கள். இயல்பாக இருக்க வேண்டியது இல்லாமல் போவதால் அந்தப் பெயர். மாத்திரைகள் குரல்களையும் பிரமைகளையும் அடக்கும் அளவுக்கு இவற்றை அடக்குவதில்லை. குரல்கள் நின்ற பிறகும் அவன் படுத்தே கிடந்ததைப் பார்த்து "இப்போ என்ன, நோய்தான் போயிடுச்சே" என்றோம். நோயில் பாதி அப்போதும் அங்கேதான் இருந்தது.

இதில் எனக்கு மிகவும் உதவிய ஒரு தகவல்: இவர்களில் பலருக்கு ஒரு காரியத்தைச் செய்யும்போது கிடைக்கும் இன்பம் ஓரளவு அப்படியே இருக்கிறது, செய்வதற்கு முன் "அது நன்றாக இருக்கும்" என்று எதிர்பார்க்கும் சக்திதான் குறைந்துபோகிறது. அதனால் "வெளியே போகலாமா, உனக்குத் தோணுதா?" என்று கேட்பதே தப்பான கேள்வி. தோணாது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "பத்து நிமிஷம், முனை வரைக்கும் போய்ட்டு வந்துடலாம், வா" என்பேன். வராத நாளில் வற்புறுத்த மாட்டேன். வந்த நாளில் திரும்பியதும் எத்தனை மதிப்பெண் என்று கேட்டு, அவன் கையாலேயே ஒரு அட்டையில் எழுத வைப்பேன். அடுத்த நாள் அந்த அட்டைதான் பேசும். "நேத்து ஏழு போட்டிருக்கே." அவன் எழுத்தை அவன் நம்புகிறான், என் உற்சாகத்தை நம்புவதில்லை.

குளிப்பதற்கும் இதே போலத்தான். "குளி" என்பது ஒரு சொல். ஆனால் அதற்குள் எத்தனை வேலைகள்! துண்டை எடுப்பது, மாற்றுத் துணியைத் தேர்ந்தெடுப்பது, தண்ணீரைச் சரிபார்ப்பது. துணியையும் துண்டையும் முந்தின இரவே ஒரே இடத்தில் வைத்தோம், நேரத்தை மாற்றாமல் வைத்தோம். வாரம் ஒரு முறை என்பது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற ஒன்றரை வருடம் ஆயிற்று. எதுவுமே வேலை செய்யாத வாரங்களும் இருந்தன, இன்னும் இருக்கின்றன.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அது குணமும் இல்லை, நோயும் இல்லை, மருந்து. நான் மன்னிப்புக் கேட்ட ஒரே விஷயம் இதில்தான் இருக்கிறது.

ஒரு மருந்து மாற்றிய பின் தம்பி உட்காரவே மறுத்தான். நின்றுகொண்டே சாப்பிடுவான், இரவு முழுக்க கூடத்தில் நடப்பான். உட்காரச் சொன்னால் எரிந்து விழுவான். பொறுமையே இல்லை, வர வரப் பிடிவாதம் அதிகமாகிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஒரு இரவு கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். என்னைத் தள்ளிவிட்டுத் திரும்ப நடந்தான். அடுத்த சந்திப்பில் நான் இதைப் புகாராகச் சொன்னபோது மருத்துவர் அவனைப் பார்த்து, "உள்ளுக்குள்ள கால் உங்களை உட்காரவே விடலையா?" என்று கேட்டார். அவன் "ஆமா" என்று சொன்ன வேகத்தை என்னால் மறக்க முடியாது. அகதீசியா என்பது அதன் பெயர். மனநோய்க்கான மருந்துகளில் சில உண்டாக்கும் அடங்காத உள் பதற்றம். அளவைக் குறைத்தார், பிறகு மருந்தை மாற்றினார். பிடிவாதம் என்று நாங்கள் சொன்னது சில வாரங்களில் காணாமல் போனது.

வேறு சில மருந்துகள் முகத்தை இறுக்கி, நடையைச் சின்னதாக்கி, கையை ஆடவிடாமல் செய்யும். சில, பகல் முழுக்கத் தூக்கத்தில் அழுத்தும். இவற்றைப் பார்ப்பவர்களுக்கு உணர்ச்சியற்றவன், சுறுசுறுப்பில்லாதவன் என்றுதான் தோன்றும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். மருந்தோ அளவோ மாறிய தேதி ஒரு பக்கம், நடத்தையில் புதிதாகத் தெரிந்தது எதிர்ப்பக்கம். புதுக் "குணம்" ஒன்று தென்பட்டால் முதலில் தேதியைப் பார்ப்பேன். மருத்துவரிடம் "இவன் எரிச்சல்காரனாயிட்டான்" என்று சொல்வதற்கும் "புது மாத்திரை தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து உட்கார மறுக்கிறான்" என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நாமாக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. நாங்கள் ஒரு முறை அந்தத் தவறைச் செய்தோம். நான்கு மாதம் கழித்துக் குரல்கள் முன்னிலும் பலமாகத் திரும்பி வந்தன.

அப்படியானால் அவனுடைய உண்மையான குணம் எது? நோய்க்கு முன் எப்படி இருந்தான் என்று எழுதி வாருங்கள் என்று மருத்துவர் கேட்டார். நான் 18 வயதுத் தம்பியைப் பற்றி எழுதிப் போனேன்: தனிமை விரும்பி, முன்கோபி, படிப்பில் கவனமில்லாதவன். "நோய் வெளிப்படுறதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அது உள்ளே வேலையை ஆரம்பிச்சிருக்கலாம், இன்னும் பின்னாடி போங்க" என்றார். அம்மாவிடமும் அவனுடைய பள்ளித் தோழன் ஒருவனிடமும் கேட்டேன். 12 வயதில் அவன் கூச்ச சுபாவம். ஒரே ஒரு நண்பன். எதையும் இம்மி பிசகாமல் சொல்பவன். கதை சொல்லும்போது யாராவது "ஒரு நூறு பேர்" என்றால் "எழுபது பேர்தான்" என்று திருத்துபவன். பொய் வராது. எளிதில் மனம் புண்படுவான்.

கூச்சமும் புண்படும் மனமும்தான் நோயைக் கொண்டுவந்தன என்று நான் சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்வீடனில் 1969, 1970 ஆண்டுகளில் ராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட சுமார் 50 ஆயிரம் இளைஞர்களிடம் பெற்ற விவரங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நெருங்கிய நண்பர்கள் குறைவு, சின்னக் கூட்டத்தையே விரும்புவது, மற்றவர்களைவிட எளிதில் பாதிக்கப்படும் மனம் போன்றவை பின்னாளில் மனச்சிதைவு வந்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. ஆனால் இதே குணங்கள் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வரவே இல்லை. கூச்சமுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் பயப்பட இதில் எதுவும் இல்லை. ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பிரித்து அளக்கும் கேள்வித்தாள்களிலும், நோய் உள்ளவர்களுக்குச் சராசரியாகக் கவலைப்படும் தன்மை அதிகமாகவும், கலகலப்பும் காரியத்தில் ஒழுங்கும் குறைவாகவும் வருகின்றன. சராசரி என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் நோயோடும் மருந்தோடும் ஊராரின் பார்வையோடும் வாழும் ஒருவரிடம் "அடிக்கடி கவலைப்படுவீர்களா?" என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? ஒழுங்கு குறைவு என்கிற அந்தச் சராசரியில் என் தம்பி அடங்கவே மாட்டான்.

அம்மாவின் வளர்ப்புதான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. 1940களில் அப்படி ஒரு கோட்பாடு இருந்தது, தாயையே நோய்க்குக் காரணமாக்கும் கோட்பாடு. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, மருத்துவ உலகம் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனால் உறவினர்கள் கைவிடவில்லை.

குடும்பம் நோயை உண்டாக்குவதில்லை, ஆனால் நோய் திரும்புவதில் வீட்டின் சூழலுக்குப் பங்கு உண்டு. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூக ஆய்வாளர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைக் கவனித்தார். வாடகை அறைகளில் தங்கியவர்களைவிடப் பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள் மறுபடியும் மருத்துவமனைக்கு வருவது அதிகமாக இருந்தது. அதிலிருந்து தொடங்கிய ஆய்வுகள் மூன்று விஷயங்களைக் கண்டன: குறை சொல்வது, வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திக் காப்பது. 1976ல் வந்த ஆய்வொன்று, இப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றது. என்னை உலுக்கியது இன்னொன்று. வீட்டார் சொன்ன குறைகளில் பெரும்பகுதி குரல்களையோ பிரமைகளையோ பற்றியவை அல்ல. குணத்தைப் பற்றியவை. சோம்பேறி, அழுத்தக்காரன், யாரைப் பற்றியும் அக்கறை இல்லாதவன். எங்கள் வீட்டுச் சொற்கள்.

35 மணி நேரத்தைக் குறைக்க நாங்கள் செய்தது எளிமையானது. அம்மா மாலையில் இரண்டு மணி நேரம் வெளியே போகத் தொடங்கினார். அவனுக்கு முதல் வாரத்திலேயே முகம் தெளிந்தது, அம்மாவுக்கு அதைவிட. அத்தோடு, அவனைப் பற்றி அவன் காதுக்கு எட்டாமல் பேசுவதை நிறுத்தினோம். சந்தேகப் பிராணி என்றோமே, நாங்கள் உண்மையிலேயே அடுத்த அறையில் அவனைப் பற்றித்தான் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். அவன் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடும். நோயில்லாதவனுக்கும் சந்தேகம் வரும். பிரமை வந்திருக்கும் நேரத்தில் நான் அதை மறுத்து வாதாடுவதில்லை, ஆமோதிப்பதும் இல்லை. "எனக்கு அந்தக் குரல் கேட்கலை. உனக்குக் கேட்டா பயமாத்தான் இருக்கும்." இவ்வளவுதான் சொல்வேன்.

இனி அந்த இரண்டாவது தவறு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் அவனுடைய அலமாரியைத் திறந்து ஒழுங்கு செய்தேன். வந்து பார்த்தவன் கத்தினான். நான் உடனே கேட்டேன்: "இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

கத்தலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "போட்டேன் அக்கா. இந்தக் கோபத்துக்கு மாத்திரை கிடையாது. நீ என் அலமாரியைத் திறந்தே."

அவன் சொன்னது முழுக்க சரி. யார் அலமாரியைத் திறந்தாலும் கோபம் வரும். என் கோபத்துக்குக் காரணம் இருந்தால் அது நியாயம், அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தாலும் அது அறிகுறி என்றால், அந்த வீட்டில் அவன் எப்படித்தான் வாழ்வது? அந்த வாரம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். அவன் தெளிவாக இருக்கும் நேரத்தில், அவன் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முன்பு நோய் திரும்பியபோதெல்லாம் முதலில் என்ன நடந்தது? தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் மூன்று மணி நேரத்துக்குக் கீழ். ஜன்னலை மூடியே வைப்பது. செய்தி வாசிப்பவர் தன்னிடம் பேசுவதாகத் தோன்றுவது. போனை அணைத்து வைப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நான் மாத்திரையைப் பற்றிக் கேட்கலாம், மருத்துவரை அழைக்கலாம், அவன் ஆட்சேபிக்க மாட்டான். கோபம் அந்தப் பட்டியலில் இல்லை. வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்றுக்காக மாத்திரை என்ற சொல்லை நான் எடுக்கக் கூடாது. இருவரும் கையெழுத்துப் போட்டோம். இந்த நோய் உள்ள ஒருவரோடு வாழும் எவரும் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தனிமையைப் பற்றியும் அவனோடு பேசித்தான் தெரிந்துகொண்டேன். அவனை ஒரு குழுவில் சேர்த்து, கலகலப்பாக்கிவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொரு முறையும் வெளிறிப்போய்த் திரும்பி வருவான். பயத்தால் ஒதுங்குவது வேறு, பிடித்துப்போய்த் தனியாக இருப்பது வேறு. வெளியிலிருந்து இரண்டும் மூடிய கதவாகத்தான் தெரியும். நான் இப்போது கதவு திறந்த பிறகு பார்க்கிறேன். இரண்டு மணி நேரம் தனியாக இருந்துவிட்டு வரும்போது தெளிவாக வந்தால் அது அவன் குணம், 12 வயதில் இருந்த அதே குணம். கலங்கி வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைக் கேட்கிறேன்.

பழைய தம்பி திரும்பி வருவானா என்று வெகுநாள் காத்திருந்தேன். ஒரு நாள் அவனிடமே சொல்லிவிட்டேன். அவன் பதில் சொல்லப் பதினைந்தையும் தாண்டி நேரம் எடுத்துக்கொண்டான். "நீ தேடுற பையனுக்குப் பன்னெண்டு வயசு. நோய் வரலைன்னாலும் அவன் இப்போ இருந்திருக்க மாட்டான்."

இப்போது ஒரு அச்சகத்தில் அரை நாள் மெய்ப்புத் திருத்துகிறான். காலையில் மாத்திரை மயக்கம் இருப்பதால் மதியத்துக்கு மேல்தான் போவான். தொடர்ந்து நாற்பது நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது, அதனால் இடையிடையே எழுந்து நடக்க அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறான். பிழை மட்டும் தப்புவதில்லை.

இதை எழுதி முடித்ததும் அவனிடம் கொடுத்தேன். கையில் பென்சிலோடு இரண்டு நாள் வைத்திருந்தான். இரண்டு பத்திகளை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். ஏழு எழுத்துப் பிழைகளைத் திருத்தினான். அப்பாவின் போன் வரும் இடத்தில் "தினமும்" என்ற சொல்லின் கீழ் கோடு போட்டிருந்தான்.

"தினமும் இல்ல அக்கா. மூணு நாளைக்கு ஒரு தடவை. அதுக்கு மேல அந்த பேட்டரி தாங்காது."